திரைக்கு இந்தப் பக்கம்

1934 ஏப்ரல் 2, திங்கள்

பைகிராப்ட்ஸ் ரோடு குடைக்கடை பீர் முஹம்மதுவின் மகள் குல்ஷன் ஆகிய நான் இன்றுமுதல் இதில் எழுதுவதெல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கும். எனக்குச் சாதகமாக இல்லாததையும் எழுதுவேன். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவளுக்கு அலங்காரம் செய்ய ஆசை வரும். வந்தால் அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

எஸ்.எஸ்.எல்.ஸி. பரீட்சை முடிந்துவிட்டது. எல்லாத் தாளும் நன்றாக எழுதியிருக்கிறேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்தது கடற்கரையிலிருக்கும் பெண்கள் காலேஜ், அதிலும் சயன்ஸ் குரூப். முடிச்சு இங்கேதான் விழுகிறது. எங்கள் பள்ளியில் தையல் உண்டு, சமையல் உண்டு, சுகாதாரம் உண்டு, பௌதிகம் கிடையாது. பௌதிகம் படிக்காமல் வருகிற பெண்களை ஜூன் மாதம் கூப்பிட்டு, கருவிகளை முன்னால் வைத்துச் சோதிப்பார்களாம். தேறினால் சயன்ஸ். இல்லாவிட்டால் சரித்திரம்.

சரித்திரம் என்றதும் அத்தா பீடியைக் கீழே வைத்தார்.

"சரித்திரத்துக்கு காலேஜ் எதுக்கும்மா? புஸ்தகம் நான் வாங்கியாந்து தர்றேன், வூட்லயே படி. ராஜா செத்தது எங்க குந்திப் படிச்சாலும் செத்ததுதான். சயன்ஸுன்னா சாமான் வேணும், அதுக்குக் காலேஜ் வேணும். சயன்ஸ் கெடச்சா போ. கெடைக்கலைன்னா வூட்ல இரு."

கடையில் விலை சொல்வதுபோல் ஒரே தரம் சொல்வார். பேரம் கிடையாது.

எனக்குச் சயன்ஸ் கிடைக்கும்.

ஏப்ரல் 4, புதன்

மாஸ்டர் அகப்பட்டுவிட்டார். பௌதிகம் படித்த பெண் வாத்தியார் இந்தப் பட்டணத்தில் ட்யூஷனுக்குக் கிடைக்கவில்லை. கம்பி ஒடிந்த குடையோடு கடைக்கு வந்த ஒருவர், பி.ஏ. பௌதிகம் படித்து ஒரு பையன்கள் பள்ளியில் வாத்தியாராக இருப்பதாகச் சொல்ல, அத்தா அவரைக் குடையோடு பிடித்துவைத்துக்கொண்டார். பெயர் விக்டர். சாந்தோம் பக்கம் வீடு. திங்கள், புதன், வெள்ளி நாலு மணிக்கு வருவார்.

அம்மா ஒரு வெள்ளைப் படுதாவை முன்னறையின் குறுக்கே கட்டினாள். மேற்கு ஜன்னல் அவர் பக்கம், இருட்டு எங்கள் பக்கம். "வெளிச்சம் அவர் பக்கம் இருந்தாத்தான் நாம அவருக்குத் தெரிய மாட்டோம்" என்றாள். அம்மாவே பாதி பௌதிகம் படித்தவள்போல் இருக்கிறது.

நான், பக்கத்தில் அம்மா, அம்மா மடியில் கொத்தவரங்காய். அந்தப் பக்கம் ஒரு நிழல் வந்து உட்கார்ந்து நான்கு தரம் இருமியது. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "வந்து... திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க..." என்று ஆரம்பித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடைசியில் "தங்கச்சி" என்று முடிவாயிற்று.

ஏப்ரல் 6, வெள்ளி

லென்ஸ் பாடம். ஒளிக்கதிர் இப்படி வந்து இப்படி வளைந்து இப்படிப் போகும் என்றார். எப்படி? மாஸ்டரிடம் "இப்படி" என்ற ஒரு சொல் இருக்கிறது. அதை வைத்தே பூமியைச் சுற்றி வந்துவிடுவார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அதைச் சொல்லியும்விட்டேன்.

நிழல் சற்று யோசித்தது. "அடுப்புக்கரி ஒரு துண்டு கிடைக்குமா?"

அம்மா ஒரு துண்டைப் படுதாவின் கீழே தள்ளினாள். அவர் எழுந்து நின்று படுதாவின்மேலேயே படம் போட ஆரம்பித்தார்.

"அய்யய்ய, நேத்துதான் வெளுத்து வந்துது!"

ஆனால் அம்மாவும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் கோடு ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் முளைத்தது. லென்ஸ், மெழுகுவர்த்தி, கதிர்கள், அந்தப் பக்கம் தலைகீழாக ஒரு சின்ன மெழுகுவர்த்தி. யார் கையும் தெரியாமல் படம் தானே வருகிறது! அப்படியே காகிதத்தில் வரைந்துகொண்டேன்.

"கிறுக்கறதுன்னு ஆயிப்போச்சு, நல்லாவே கிறுக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

ஏப்ரல் 11, புதன்

ஒரு தடங்கலைக் கண்டுபிடித்து அதை நானே தீர்த்துவிட்டேன். மாஸ்டர் படத்தில் F, P, N என்று எழுத்துகள் போடுகிறார். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் திரும்பியிருக்கின்றன. A மட்டும் தப்பித்தது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் படிப்பதற்குள் அவர் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்.

"வலத்துலேர்ந்து படியேன். உருது படிக்கறப்ப கஷ்டமாவா கீது?" என்றாள் அம்மா.

"மாஸ்டர், எழுத்து வேண்டாம். படம் மட்டும் போடுங்கள். எது எது என்று வாயால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றேன்.

"நல்ல யோசனை, தங்கச்சி. எனக்கும் நேரம் மிச்சம்."

நல்ல யோசனைதான்.

ஏப்ரல் 18, புதன்

நெம்புகோல், கப்பி, தராசு. மூன்றையும் ஒரே மாலையில் முடித்தோம். அம்மா காய்கறிக்காரியிடம், "உன் தராசு முள்ளு நடுவுல நிக்கல" என்று சண்டைக்குப் போய்விட்டாள். நின்றிருந்தது என்று காய்கறிக்காரி சொல்கிறாள். எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 25, புதன்

மொஹர்ரம் ஊர்வலம். ரோடு முழுக்க ஜனம். பாடம் இல்லை.

மே 9, புதன்

வெயில் கொல்லுகிறது. அந்தப் பக்கம் மாஸ்டர் காகிதத்தால் விசிறிக்கொள்வதும் நிழலாகத் தெரிகிறது.

ஒரு கருவிகூட நாங்கள் பார்க்காதது பற்றி அவருக்கு வருத்தம். "எங்க ஸ்கூல் அலமாரி சாவி லீவு முடியற வரைக்கும் ஹெட்மாஸ்டர் இடுப்பிலதான்" என்றார். எனக்கு வருத்தம் இல்லை. படம் தெளிவாக இருந்தால் கருவி எதற்கு? கேட்டதெல்லாம் தலையில் இருக்கிறது. இன்று திரவத்தின் அடர்த்தி பற்றி எட்டுக் கேள்வி கேட்டார், எட்டும் சரி. "நீங்க பரீட்சை எழுதறதைவிட மத்தவங்களுக்குப் பரீட்சை வைக்கறதுதான் நல்லது" என்றார். இதை அடிக்கப் போவதில்லை. இது அலங்காரம் இல்லை, நடந்தது.

மே 26, சனி

ரிசல்ட் வந்துவிட்டது. தேறினேன். கணக்கில் எங்கள் பள்ளியில் நானே முதல். அத்தா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் கொடுத்தார். "பொண்ணு கணக்குல ஃபஸ்ட்டு" என்று சொல்லியே ஒரு கிழிந்த துணிக் குடையை விற்றுவிட்டாராம். அதை வாங்கிப் போனவர் நாளை வருவார்.

காலேஜிலிருந்தும் தகவல் வந்துவிட்டது. ஜூன் 11 சோதனை.

மே 30, புதன்

பாக்கியிருந்த கடைசித் தலைப்பு மின்சாரமும் காந்தமும். மாஸ்டருடைய பள்ளி திறக்கப் போகிறது, அதனால் அவசரம்.

மேலே வடக்கு என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, காந்த ஊசி ஒன்று வரைந்தார். அதன்மேல் தெற்கிலிருந்து வடக்காக ஒரு கம்பி. கம்பியில் மின்சாரம் விட்டால் ஊசி நேரே நிற்காமல் ஒரு பக்கம் திரும்பிவிடுமாம். "எந்தப் பக்கம்னா, இந்தப் பக்கம்" என்று ஓர் அம்புக்குறி போட்டார்.

தொடாமலே திரும்புகிறதே!

ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி சொன்னார். தன் கையை விரித்துப் படுதாமேல் வைத்தார். ஐந்து விரலும் எங்கள் பக்கம் நிழலாக வந்தன. "கம்பிமேல கையை இப்படிக் கவுத்து வைக்கணும். உள்ளங்கை ஊசியைப் பார்க்கணும். விரல்கள் மின்சாரம் போற பக்கம். கட்டைவிரல் எந்தப் பக்கம் நிக்குதோ, ஊசி முனை அந்தப் பக்கம் போகும்." நானும் என் கையை அந்த நிழலோடு பொருத்திப் பார்த்தேன். இடது கைதான் சரியாகப் பொருந்தியது.

அம்மா பார்த்துவிட்டாள். "இன்னாடி, சோத்துக்கு ஆவாத கை பாடத்துக்கு ஆவுமா?"

எனக்கும் வியப்புதான். ஆனால் சாஸ்திரத்துக்கு எந்தக் கையும் சமம் என்று தோன்றியது.

"ஊசி எப்படிப் போகும், தங்கச்சி?"

"கட்டைவிரல் பக்கம், மாஸ்டர்."

"கரெக்ட்."

ஜூன் 6, புதன்

இன்றோடு பாடம் முடிந்தது. போகும்போது மாஸ்டர், "பயப்படாதீங்க" என்றார். எனக்குப் பயம் இல்லை. குரலைக் கேட்டால் அவருக்குத்தான் இருந்தது. "உங்களை வெச்சுத்தான் இன்னொரு வீட்டுலயும் கேட்டிருக்காங்க. அவங்களும் திரை போடுவாங்களாம்" என்று சொல்லி, இருமிவிட்டுப் போனார்.

ஜூன் 8, வெள்ளி

அத்தா மூர் மார்க்கெட்டிலிருந்து பழைய பௌதிகப் புத்தகம் ஒன்று வாங்கிவந்தார். இங்கிலீஷ். அட்டை இல்லை. இரண்டு நாளில் முழுவதையும் படித்துவிடுவேன்.

பார்த்தவரை எல்லாம் மாஸ்டர் சொன்னபடியே இருக்கிறது. ஒரே இடத்தில் தகராறு. காந்த ஊசிக்குக் கை வைக்கும் விதியில் "வலது கை" என்று போட்டிருக்கிறது. வலது கையை வைத்துப் பார்த்தால் என் படத்துக்கு நேர் எதிராக வருகிறது. அச்சுப் பிழை. இதே புத்தகத்தில் முன்னால் ஓரிடத்தில் நாலாம் படத்தின்கீழ் ஐந்தாம் படத்தின் விளக்கம் இருக்கிறது. அச்சுக் கோத்தவர் தூக்கத்தில் இருந்திருக்கிறார். "வலது" என்பதை மசியால் அடித்து "இடது" என்று எழுதினேன். எனக்குப் பின்னால் இந்தப் புத்தகத்தைப் படிப்பவருக்கு உபகாரம்.

ஜூன் 11, திங்கள்

உள்ளது உள்ளபடி என்று சொல்லிவிட்டேன். எழுதத்தான் வேண்டும்.

மூடுவண்டியில் அம்மாவோடு போனேன். சோதித்தவர் மிஸ் ஐரின். உயரம், வெள்ளைச் சேலை, கையில் சுண்ணாம்புக்கட்டித் தூள். எல்லாரும் பெண்கள் என்பதால் முக்காட்டை நன்றாக விலக்கிக்கொண்டேன். முதல்முறையாக ஒரு சயன்ஸ் அறை. கண்ணாடி அலமாரி, பித்தளை, ஸ்பிரிட் வாசனை. ஒவ்வொன்றையும் பார்த்தவுடன் பெயர் சொன்னேன். லென்ஸ் கேட்டார், சொன்னேன். அடர்த்தி கேட்டார், சொன்னேன். தலையசைத்துக்கொண்டே வந்தார்.

பிறகு மேஜைமேல் ஒரு காம்பஸ். அதன்மேல் தெற்கு வடக்காக ஒரு கம்பி.

"மின்சாரம் வடக்கே போகப் போகுது. நான் விடறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, ஊசி எந்தப் பக்கம் திரும்பும்?"

"கிழக்கு" என்றேன். மேஜையடியில் இடது கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

விட்டார். ஊசி மேற்கே போயிற்று.

அப்போது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. "இந்தக் காம்பஸ் பழுது" என்றேன்! மிஸ் வேறு காம்பஸ் வைத்தார். மேற்கு. "கம்பியை மாற்றிக் கட்டியிருக்கலாம்" என்றேன். மாற்றவில்லை என்று காட்டினார். "புத்தகத்திலே அச்சுப் பிழை இருக்கு, மிஸ், இடது கைதான்" என்றேன். அல்லாவே, அதையும் சொன்னேனே.

"இப்படித்தான் உங்க மாஸ்டர் சொல்லிக்கொடுத்தாரா?"

"ஆமாம். அவர் பி.ஏ. பௌதிகம்."

"ஊசிக்கு உங்க மாஸ்டரைத் தெரியாதே, அம்மா."

அடுத்த வாரம் புதன்கிழமை பட்டியல் மூடுகிற நாள், அன்று ஒரு தரம் வாருங்கள் என்றார். "லென்ஸ் தெரியலைன்னா பரவாயில்ல. கண்ணால பாத்த பிறகும் பாத்ததை நம்பாத பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?"

வண்டியில் அழுதேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். அழுதது மார்க்குக்கா, அந்தப் பேச்சுக்கா? ரெண்டுக்குந்தான். போதும். இன்னிக்கு இதுக்கு மேல எழுத முடியல.

ஜூன் 12, செவ்வாய்

அத்தா காலையிலேயே சாந்தோமுக்குப் போய்விட்டு வந்தார். "ரெண்டு மாசம் நம்ம வூட்டு வெளிச்சத்துல குந்திக்கினு தப்பு தப்பா சொல்லிக்கொடுத்துக்கினு இருந்திருக்கான். இனிமே வராதே, எவன் வூட்டுக்கும் போவாதேன்னு சொல்ட்டேன். இன்னொரு பார்ட்டி கேட்டுக்கினு இருந்தானே, நம்ம ஷாஹுல் ஹமீது, அவனாண்டயும் சொல்ட்டேன்."

"மாஸ்டர் என்ன சொன்னார்?"

"இன்னா சொல்வான்? 'நான் மேற்குன்னுதான் சொன்னேன்'னான். 'அப்போ எம் பொண்ணு பொய் சொல்லுதா?'ன்னேன். வாயத் தொறக்கல."

மாஸ்டர் ஒரு நாளும் மேற்கு என்று சொல்லவில்லை. கிழக்கு என்றும் சொல்லவில்லை. "இந்தப் பக்கம்" என்றுதான் சொன்னார். அத்தாவிடம் அதைச் சொன்னேன். "அப்போ அது இன்னும் மோசம்" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. என் காகிதத்தில் அம்பு கிழக்கேதான் போகிறது. அவர் போட்டபடியே போட்டேன்.

ஜூன் 13, புதன்

ஒன்றும் ஓடவில்லை.

ஜூன் 14, வியாழன்

தெரிந்துவிட்டது! வரிசையாக எழுதுகிறேன்.

இனி பாடம் இல்லை என்று அம்மா படுதாவை அவிழ்த்து வண்ணானுக்குப் போட்டிருந்தாள். இன்று வந்தது. கரி முழுக்கப் போகவில்லை. "இது எங்கப்பன் வந்து வெளுத்தாலும் போவாது" என்றானாம். அம்மா திட்டிக்கொண்டே இன்னொரு தரம் அலசி, முற்றத்துக் கொடியில் விரித்தாள். நான் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தேன். எதிர்ப்பட்ட படுதாவில் மங்கலாகக் காந்த ஊசி. அம்பு கிழக்கே. என் படம். படுதாவைக் கடந்து அந்தப் பக்கம் போய்த் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன்.

அம்பு மேற்கே போகிறது.

குடத்தை வைத்தேன். இந்தப் பக்கம் வந்தேன். கிழக்கு. அந்தப் பக்கம் போனேன். மேற்கு. அம்மா வாளியோடு நின்று, "பைத்தியம் புடிச்சுக்கிச்சா?" என்றாள். என் கையைப் படுதாவின் ஒரு பக்கம் வைத்து அம்மாவை மறுபக்கம் நின்று கை வைக்கச் சொன்னேன். என் வலது கைக்கு அம்மாவின் இடது கை பொருந்தியது.

இரண்டு மாதம் அந்தப் படுதாவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தரமாவது அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேனா? லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் லென்ஸ்தான், தராசும் தராசுதான், அதனால் தெரியவில்லை. காந்தத்துக்கு மட்டும் வலது வலதுதான். எழுத்துகள் திரும்பியிருந்தனவே, அது ஒன்றுதான் எச்சரிக்கை. அதையும் நானே வேண்டாமென்று எடுக்கச் சொன்னேன். நல்ல யோசனை!

"அப்போ எம் படுதாதான் உன்னைக் கெடுத்துச்சா?" அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"படுதா இல்லம்மா. படுதா அதுல போட்டதைக் காட்டிச்சு. புத்தகம் சொல்லிச்சு, ஊசி ரெண்டு தரம் சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

அத்தா சாப்பிட வந்ததும் கொடிக்கு அழைத்துப் போய் இரண்டு பக்கமும் நிற்க வைத்தேன். குடைத் துணியைப் பார்ப்பதுபோல் விளிம்பைப் பிடித்துப் பார்த்தார்.

"அந்தப் புள்ள வாயத் தொறக்காம நின்னுச்சே" என்றார் கடைசியில்.

ஜூன் 15, வெள்ளி

அத்தா முதலில் ஷாஹுல் ஹமீது மாமாவிடம் போய்ச் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அப்புறம் சாந்தோமுக்குப் போனார். கையில் கடையிலேயே உயர்ந்த பட்டுக் குடை. "இந்த மாசத்துல வெயிலும் அடிக்குது, மழையும் பேயுது, வெச்சுக்கோ வாத்தியாரே" என்று நீட்டினாராம். மாஸ்டர் குடையை வாங்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "நான் திரையோட பேசினேனே தவிர, திரைக்குப் பின்னால இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்னு யோசிக்கவே இல்லை" என்றாராம். அத்தா குடையை அவர் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

நாளை மாஸ்டர் வருகிறார்.

ஜூன் 16, சனி

படுதா மறுபடியும் கட்டப்பட்டது. அதைப் பற்றி அம்மா பேச விடவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இன்று மாஸ்டர் கரியைக் கேட்கவில்லை. "இன்னிக்கு நான் ஒண்ணும் காட்டப் போறதில்ல. நீங்க செஞ்சு எனக்குச் சொல்லுங்க" என்றார். படுதாவின் கீழே செப்புக் கம்பி ஒன்று வந்தது. அத்தாவின் டார்ச்சு லைட்டிலிருந்து செல்லைப் பிடுங்கினோம். காந்த ஊசிக்கு எங்கே போவது?

அம்மா யோசித்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, பெரியத்தா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த கிப்லா காம்பஸை எடுத்து வந்தாள். தொழுகைத் திசை பார்க்கிற சாமான். "பாத்து" என்று மட்டும் சொன்னாள்.

கம்பியை ஊசிக்குமேல் தெற்கு வடக்காகப் பிடித்தேன். அம்மா செல்லில் கம்பியின் நுனியைத் தொட வேண்டும். "தொட்டுத் தொட்டு எடுங்கம்மா, பிடிச்சுக்கிட்டே இருந்தா செல் செத்துடும்" என்றார் மாஸ்டர். நான் முதலில் வலது கையை வைத்துப் பார்த்து, உரக்க "மேற்கு" என்றேன். அம்மா தொட்டாள்.

ஊசி துள்ளி மேற்கே போயிற்று.

"கிப்லா பக்கமே திரும்புதுடி!" என்று அம்மா கத்திவிட்டாள். மெக்கா நமக்கு மேற்கேதானே.

அந்தப் பக்கம் பதற்றம். "என்ன ஆச்சு? என்ன ஆச்சு? ஒண்ணும் தெரியலையே எனக்கு!"

இப்போது அவர்தான் பார்க்க முடியாதவர். நான் வரிவரியாகச் சொன்னேன்: கம்பி இங்கே, செல்லின் பித்தளைத் தலை தெற்கு நுனியில், ஊசி மேற்கே. "இந்தப் பக்கம்" என்ற சொல்லை நாங்கள் இருவரும் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

"ஒயரக் கீழ வெச்சா இன்னா ஆவும்?" இதைக் கேட்டது நான் அல்ல, அம்மா.

"செஞ்சு பாருங்கம்மா" என்றது படுதா.

கிழக்கு. அம்மா அதற்கு ஒப்பவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள். அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்குள் டார்ச்சு செல் செத்தே போயிற்று. அத்தாவுக்கு இன்னும் தெரியாது.

ஜூன் 20, புதன்

மிஸ் ஐரின் முதலில் கருவியைத் தொடவே இல்லை. "கிழக்குன்னு அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்களே, எதனால? அதைச் சொல்லுங்க முதல்ல."

சொன்னேன். படுதா, கரி, எழுத்து வேண்டாமென்றது, புத்தகத்தைத் திருத்தியது, கொடி. எதையும் விடவில்லை. மாஸ்டர் சரியாகத்தான் சொன்னார், அவர் பெயருக்குக் குறை வரக் கூடாது என்றும் சொன்னேன். மிஸ் ஒரு மெல்லிய காகிதத்தில் ஊசியும் அம்பும் வரைந்து ஜன்னல் கண்ணாடிமேல் வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அடங்கவில்லை.

"இவ்வளவு வருஷத்துல இப்படி ஒரு தப்பு நான் பாத்ததில்ல" என்றார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு கம்பியைக் காம்பஸுக்குக் கீழே வைத்தார். "இப்போ மின்சாரம் வடக்கேயிருந்து தெற்கே போகுது. சொல்லுங்க."

இது வீட்டில் செய்து பார்க்காதது. உடனே சொல்லவில்லை. கம்பிக்குக் கீழே வலது கையை மல்லாத்தி வைத்தேன், உள்ளங்கை ஊசியைப் பார்க்க, விரல்கள் தெற்கே. கட்டைவிரல் எங்கே? ஒரு தரம் பார்த்தேன். இன்னொரு தரம் பார்த்தேன்.

"மேற்கு. ஆனா நீங்க விடுங்க மிஸ், பாத்துட்டு உறுதியாச் சொல்றேன்."

விட்டார். ஊசி மேற்கே போனது. மிஸ் ஐரின் பேனாவை எடுத்து, என் கண்ணெதிரே, சயன்ஸ் பட்டியலின் அடியில் என் பெயரை எழுதினார்.

ஜூன் 22, வெள்ளி

மாஸ்டர் வந்து அத்தாவிடம் பேசிவிட்டுப் போனார். நான் உள்ளே இருந்து கேட்டேன். ஷாஹுல் ஹமீது மாமா வீட்டுப் பெண்ணுக்குத் திங்களன்று பாடம் ஆரம்பம். "முதல் நாளே அந்தப் பொண்ணு கையில ஒரு காந்தத்தைக் குடுத்துடுவேன்" என்றார். மழை தூறியது. பட்டுக் குடை விரியும் சத்தம் கேட்டது.

ஜூலை 4, புதன்

காலேஜில் இன்று முதல் செய்முறை வகுப்பு. என் மேஜையில் மயிலாப்பூர் ஜானகி. "எங்காத்துல எல்லாரும் நான் ரெண்டே நாள்ல திரும்பி வந்துடுவேன்னு சொல்லிண்டிருக்கா" என்றாள். "எங்கள் வீட்டில் செல் வாங்கித் தரமாட்டேன் என்கிறார்கள்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, முழுக்கதையும் சொன்னதும் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தாள். சிரிக்கட்டும். இரண்டு அளவுகள் எடுத்தோம், ஒன்று தப்பு, மறுபடி எடுத்தோம்.

இரவு சாப்பாடு ஆனதும் அம்மா பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு இன்னா பண்ணாங்க?"

சொன்னேன்.

"வாயால சொன்னா எனக்கு இன்னா தெரியும்? வரைஞ்சு காட்டு."

காகிதமும் பென்சிலும் எடுத்து அம்மாவுக்கு எதிரே உட்காரப் போனேன். பிறகு எழுந்து சுற்றிவந்து அவள் பக்கத்தில், தோளோடு தோளாக உட்கார்ந்தேன். வரைந்தேன். அம்மா விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் பின்தொடர்ந்தாள். சந்தேகம் கேட்டாள். எனக்குத் தெரியாத ஒன்றையும் கேட்டாள். நாளை மிஸ்ஸைக் கேட்க வேண்டும்.

"ரெண்டு பேரும் படிச்சது போதும்" என்றார் அத்தா உள்ளேயிருந்து.

"இரு, இது ஒண்ணு முடிச்சுடறோம்" என்றாள் அம்மா.

முடித்தோம். விளக்கை அணைத்தாயிற்று.